நாற்பத்தொரு வயதுப் பால் பல்

நித்திலனின் வாயில் ஒரு பால் பல் மிச்சம் இருந்தது. கீழ்த்தாடையில், வலப்பக்கம், கடைவாய்க்குச் சற்று முன்னால். அதற்கடியில் முளைத்திருக்க வேண்டிய நிரந்தரப் பல் என்ன காரணத்தாலோ உருவாகவே இல்லை. அதனால் இது மட்டும் காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரர் மாதிரி நாற்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருந்தது. பல் மருத்துவர்கள் அதைப் பார்த்ததும் உதவியாளர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நித்திலனும் பெருமையோடு வாயைத் திறந்து வைத்துக்கொள்வான். நாலு பேர் கூடி நின்று வேடிக்கை பார்க்கும்படி அவனிடம் வேறொன்றும் இருந்ததில்லை.

இன்னொன்று இருக்கிறது என்பாள் அவன் மனைவி இலக்கியா. மறதி. நண்பனின் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய், பக்கத்து மண்டபத்தில் முன்பின் தெரியாத மணமக்களை வாழ்த்தி, பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தவன் அவன். அந்தக் குடும்பத்து ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும் ஆள் யார் என்று அவர்கள் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிப்பட்டவனுக்கு வேலை கிடைத்த இடம்தான் விசேஷம். பிள்ளைகளுக்கு எவ்வளவு ஞாபகசக்தி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் நிலையம் அது. கருவில் இருக்கும்போது பல்லில் விழுந்த வரிகளை வாசிப்பதால், கோயம்புத்தூரில் அதற்குக் கருவரி நிலையம் என்று பெயர். விழுந்த பால் பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால், லேசர் வைத்துச் சுரண்டி, அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் தாயின் உடம்பில் என்னென்ன சத்து எவ்வளவு இருந்தது என்று வாரவாரியாகச் சொல்லிவிடுவார்கள். முக்கியமாகத் துத்தநாகம். நல்ல பள்ளிக்கூடங்கள் எல்லாம் அந்த அறிக்கை இல்லாமல் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று ஆகியிருந்தது. நித்திலன் அங்கே ஆலோசகன். அதாவது, பல் சொன்னதைப் பெற்றோருக்கு நயமாக எடுத்துச் சொல்ல வேண்டியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை, பக்கத்து அறையில் காத்திருந்தவர்களின் அறிக்கையை எடுத்துவந்து, கல்யாணமே ஆகாத ஒரு குழாய் பழுதுபார்ப்பவரிடம், "உங்க பொண்ணுக்குக் கணக்கு கொஞ்சம் சிரமப்படும்ங்க" என்று அரை மணி நேரம் ஆறுதல் சொல்லியிருக்கிறான். அந்த மனிதரும் கண் கலங்கிவிட்டார்.

ஒரு நாள் ஜீவிதா என்ற பெண் வந்திருந்தாள். கூடவே மாமியார். மகனுக்கு ஏழு வயது.

"பல்லுங்கறது மரத்துல வளையம் இருக்குமில்லைங்களா, அந்த மாதிரிங்க," என்று நித்திலன் ஆரம்பித்தான். "பால் பல் அம்மா வயித்துக்குள்ளயே வளர ஆரம்பிச்சுடும். அந்தந்த வாரம் அம்மா ரத்தத்துல என்ன இருந்துச்சோ, அது அந்தந்த அடுக்குல படிஞ்சிடும். ஏழாம் மாசத்துப் பக்கம் உங்க பையன் பல்லுல துத்தநாகம், அதாங்க ஜிங்க்கு, ரொம்பக் குறைஞ்சிருக்குங்க."

"அது குறைஞ்சா என்னங்க?" என்றாள் ஜீவிதா.

"மூளைக்குள்ள ஞாபகத்துக்குன்னு ஒரு இடம் இருக்குங்க. கடல்குதிரை மாதிரி வளைஞ்சு இருக்கும். அது கட்டி எழும்புற நேரத்துல ஜிங்க் பத்தலைன்னா, கட்டடத்துக்குச் செங்கல் வந்து சிமெண்டு வராத மாதிரிங்க. பின்னாடி படிச்சது நிக்கறது கொஞ்சம் கஷ்டம். இது யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்லீங்க. அந்த மாசம் நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

குற்றம் சொல்வதற்காக இல்லை என்ற வாக்கியம் நிலையம் எழுதிக் கொடுத்தது. அதைச் சொல்லி முடித்த உடனே அறையில் இருக்கும் எல்லாரும் தாயைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு முறைகூடத் தவறியதில்லை.

"நல்லாத்தானுங்க சாப்பிட்டேன்," என்றாள் ஜீவிதா. "குடுத்த மாத்திரை எல்லாம் முழுங்குனேனுங்க. அட்டை கூட வீட்ல இருக்குது."

"நான் அப்பவே சொன்னேனுங்க," என்றார் மாமியார். "வாயைக் கட்டி வாயைக் கட்டி என்ற பேரனை இப்படி ஆக்கிட்டா."

இரண்டு மாதம் கழித்து ஜீவிதாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், பையனை அனுப்பவில்லை என்றும் வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். நித்திலனுக்கு மனதை என்னவோ செய்தது. மதியச் சாப்பாடு வரைக்கும் உறுத்தியது. பிறகு மறந்துவிட்டது. மறதியால் அவனுக்குச் சில சௌகரியங்களும் இருந்தன.

ஒரு கமர்கட்டுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்தார்கள். நித்திலன் பழக்கமில்லாத வலப்பக்கத்தில் போட்டுக் கடித்தான். கடக் என்றது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால் கமர்கட்டு முழுசாக இருக்கிறது, பல் தனியாக இருக்கிறது.

ஆய்வகத் தலைவி டாக்டர் ரிஸ்வானா அதை இடுக்கியில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி குதித்தாள்.

"நித்திலன் சார், பெரியவங்களோட கருவரியை யாருமே வாசிக்க முடியறதில்ல. எல்லார் பல்லும் எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும். இதை எனக்குத் தரீங்களா?"

"தாராளமா எடுத்துக்குங்க. எனக்கு ஒரு பதில் மட்டும் வேணும். நான் ஏன் இப்படி இருக்கேன்?"

மறுநாள் அவள் திரையில் காட்டிய கோடு, ஐந்தாம் மாதத்திலிருந்து சரிந்து சரிந்து, எட்டாம் மாதத்தில் அநேகமாகத் தரையைத் தொட்டிருந்தது. பிரசவ அதிர்ச்சியில் பல்லில் விழும் அழுத்தமான கோடு வரைக்கும் அது எழவே இல்லை.

"இவ்வளவு கீழ நான் பார்த்ததே இல்ல," என்றாள் ரிஸ்வானா. குரல் தணிந்திருந்தது. "இது வெறும் ஜிங்க் குறைபாடு இல்ல. பட்டினி."

நித்திலனுக்கு ஏற்பட்டது துக்கம் இல்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: பரம சந்தோஷம். வாழ்நாள் முழுக்க வாங்கிய ஏச்சு, பேச்சு, தலையில் விழுந்த குட்டு, தொலைத்த குடைகள், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற புகைப்படம், எல்லாவற்றுக்கும் விஞ்ஞானபூர்வமான காரணம் கிடைத்துவிட்டது. அவன் குற்றவாளி இல்லை. பாதிக்கப்பட்டவன்.

"ஆனா சார், ஒண்ணு இடிக்குது," என்றாள் ரிஸ்வானா. "எங்க கணக்குப்படி இந்தப் பல்லோட பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கவே தவிச்சிருக்கணும். நீங்க டிகிரி முடிச்சிருக்கீங்க. குடையை மறக்கறீங்க, அவ்வளவுதான். எங்க மெஷின் உங்க தலையெழுத்தைச் சொல்றது பிரசவக் கோடு வரைக்கும் இருக்கறதை வச்சுத்தான். அதுக்கப்புறம் யாரோ உங்க மேல ரொம்ப மெனக்கெட்டிருக்காங்க. நேர்மையாச் சொன்னா, குடை மறக்கறதுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இருக்கான்னே எனக்குச் சந்தேகம். அது உங்க சொந்த முயற்சியாக்கூட இருக்கலாம்."

நித்திலன் முதல் பாதியோடு கேட்பதை நிறுத்தியிருந்தான்.

வீட்டுக்குப் போய் இலக்கியாவிடம் அறிவித்தான். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ போன வாரம் அடுப்பை அணைக்காமப் போனது?"

"துத்தநாகம்."

"என் பொறந்தநாளு?"

"அதுவும் துத்தநாகம்தான். நான் என்ன பண்ணட்டும்?"

"ஞாயித்துக்கிழமை பிரியாணிக் கடை எத்தனை மணிக்குத் திறப்பான்னு மட்டும் எப்படி ஞாபகம் இருக்குது?"

நித்திலன் கொஞ்சம் யோசித்தான். "அது மூளையோட வேற பகுதி."

ஆனால் சந்தோஷம் ஆறிய பிறகு அதன் அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. பட்டினி என்றாளே ரிஸ்வானா. அம்மா ஏன் சாப்பிடவில்லை? ஏன் அதை ஒரு நாளும் சொல்லவில்லை? சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிச் சங்ககிரிக்குப் போனான். போகும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: அம்மாவிடம் கேட்கப்போவது விவரத்துக்காக மட்டும். மனதின் ஒரு மூலை மட்டும், நிலையத்தில் தாய்மார்கள் உட்காரும் அந்த நாற்காலியில் அவளும் ஒரு தடவை உட்காரட்டுமே என்றது. அதை அவன் கவனிக்காத மாதிரி இருந்தான்.

அம்மா சுகுணா, நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த வீட்டில் தனியாக இருந்தாள். எழுபதை நெருங்கியும் தையல் மெஷினை விடவில்லை. அக்கம்பக்கத்தார் கொடுக்கும் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பதுதான் பொழுதுபோக்கு. அவன் அப்பா துரைசாமி லாரி டிரைவர். இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

"வா கண்ணு. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கற. சோறு உண்டியா?"

"பொறவு உண்டுக்கறேன். அம்மா, என்ற பல்லு ஒண்ணு விழுந்திருச்சு."

"அந்தப் பால் பல்லா? இத்தனை நாள் நின்னதே பெருசு."

நித்திலன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அடுக்கு, வளையம், கடல்குதிரை, சிமெண்டு, எல்லாவற்றையும் சொன்னான். சுகுணா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். கடைசியில் அவன் வாய் தானாகச் சொல்லிற்று: "இது யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்லம்மா. அந்த மாசம் நீ என்ன சாப்பிட்ட?"

சொன்ன பிறகுதான் அது தன் ஆபீஸ் குரல் என்று அவனுக்கு உறைத்தது. பெற்ற தாயிடம் பேசும்போதும் வாடிக்கையாளர் குரல்தான் வருகிறது என்றால், தன்னைவிடத் தேர்ந்த ஊழியன் அந்த நிலையத்துக்குக் கிடைக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் சாப்பிடல கண்ணு," என்றாள் சுகுணா உடனே. "வெறும் தண்ணியும் பன்னுந்தான். என்ற தப்புத்தான். உன்ற மறதிக்கெல்லாம் நாந்தான் காரணம். மன்னிச்சுக்க சாமி."

நித்திலனுக்கு என்னவோ போல் இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ தாய்மார்களிடம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். சிலர் சண்டைக்கு வந்தார்கள். சிலர் அழுதார்கள். சிலர் மாத்திரை அட்டையைக் காட்டினார்கள். கேட்ட மாத்திரத்தில் ஆமாம் என்று தலையாட்டியவள் ஒருத்திகூட இல்லை. தன் பிள்ளைக்குத் தான் குறை வைத்தேன் என்பதை எந்தத் தாயும் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொன்றும் இருந்தது. எதை மறந்தாலும் அப்பா ஓயாமல் சொன்ன கதையை அவனால் மறக்க முடியாது. அவன் பிறந்தது நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால், 2020 கொரோனா ஊரடங்கின்போது. அப்பா அப்போது ஓட்டியது நாமக்கல் முட்டை லாரி. வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்த முட்டைகளைத் தட்டுத் தட்டாக வீட்டில் இறக்கினாராம். ஊரே தவித்தபோது நம் வீட்டில் முட்டை அழுகிப்போயிற்று என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா முட்டை லாரிதானே ஓட்டுனாரு?"

சுகுணாவின் கை நின்றது. நூல் கோக்காமலே ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அந்த முட்டையெல்லாம் நாந்தாங்கண்ணு தின்னேன்," என்றாள். "ஆனா அப்ப நீ என்ற வயித்துல இல்ல."

சுகுணா துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"கல்யாணமாகி எட்டு வருசம் எங்களுக்குப் பிள்ளை இல்ல. அந்த ஊரடங்குல வடக்கத்திக்காரங்க ரோட்டோட நடந்தே போனாங்க. திருப்பூர்ல இருந்து, கோயம்புத்தூர்ல இருந்து, மூட்டையும் முடிச்சுமா. கொஞ்சம் பேரை இங்க பள்ளிக்கூடத்துல தங்க வெச்சாங்க. நான் முட்டையை அவிச்சு எடுத்துட்டுப் போவேன். அதுல ஒருத்தி வயித்தைத் தூக்க மாட்டாம உக்காந்திருந்தா. கையும் காலும் குச்சி. வயிறு மட்டுந்தான் தெரியும்."

"அவங்களோட வீட்டுக்காரரு?"

"வேற ஊர்ல மாட்டிக்கிட்டான்னு அவ சொன்னதா, கொஞ்சம் தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் சொன்னான். கூட வந்தவங்களுக்கே அவளைத் தெரியாது. வழியில சேந்துக்கிட்டவ. கம்பெனி மூடுறதுக்கு முன்னாலயே மாசக்கணக்கா அரைச் சோறுதானாம். நான் ரெண்டு முட்டை குடுத்தேன். ஒண்ணைத் தின்னுட்டு, இன்னொண்ணை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டா. வயித்தைத் தொட்டுக் காட்டிச் சிரிச்சா. எனக்கு அவ பாஷை தெரியாது. ஆனா அது புரிஞ்சுது. இதுக்குன்னு சொன்னா."

சுகுணா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ பொறந்தப்ப ஒரு கையளவு இருந்த. அவளுக்கு ரத்தம் நிக்கல. புருசனைத் தேடினாங்க, கெடைக்கல. நாங்க ஆபீஸ் ஆபீஸா ரெண்டு வருசம் அலைஞ்சு முறைப்படித்தான் உன்னையத் தத்து எடுத்தோம். இந்தப் பையன் மெதுவாத்தான் வருவான், எதிர்பார்க்காதீங்கன்னு நர்சம்மா சொல்லுச்சு. எனக்கு ஆத்திரமா வந்துது. அதென்ன எதிர்பார்க்காம இருக்கறது? தெனமும் மெஷினை மிதிச்சுக்கிட்டே உன்னைய வாய்ப்பாடு சொல்ல வெப்பேன். நீ அழுவ. நானும் அழுதுக்கிட்டே சொல்ல வெப்பேன்."

நித்திலனுக்கு அந்த மாலைகள் நினைவிருந்தன. அதைச் சித்திரவதை என்றே இதுவரை கணக்கில் வைத்திருந்தான். பிரசவக் கோட்டுக்கு அப்புறம் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று ரிஸ்வானா சொன்னபோது, அந்த யாரோ மெஷினை மிதித்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தது அவன் தலையில் ஏறவில்லை.

"அப்புறம் ஏம்மா உன்ற தப்புன்னு சொன்ன? நீ எதுக்குப் பழியை ஏத்துக்கோணும்?"

"பின்ன? செத்துப்போனவ மேலயா போடுவாங்க?" என்றாள் சுகுணா. அவள் குரலில் முதல் முறையாகக் கோபம் இருந்தது. "நீ பல்லைத் தூக்கிட்டு வந்து என்ன சாப்பிட்டேன்னு கேக்கற. அவ வந்து பதில் சொல்ல முடியுமா? நான் உசுரோட இருக்கேன். நான் ஏச்சு வாங்கிக்கறேன். என்ன இப்போ?"

ஆலோசகர்களுக்கென்று நிலையம் எழுதிக் கொடுத்த ஆறுதல் வாக்கியங்கள் எல்லாம் நித்திலனுக்கு மனப்பாடம். ஆச்சரியமாக, அவை மட்டும் மறக்கவே மறக்காது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். அம்மாவிடம் சொல்லும்படி ஒன்றுகூட இல்லை.

"அவங்க பேரு தெரியுமாம்மா?" என்றான்.

"ஃபூல்மதி."

அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு சத்தமாகச் சொன்னான். சரியாக வரும்வரை சுகுணா திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

திங்கட்கிழமை ரிஸ்வானாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். பல் சொன்னது எல்லாமே சரி, நாம் தாயிடம் கேட்ட கேள்விதான் தப்பு என்று மட்டும் சொன்னாள். ராஜினாமா செய்துவிடலாமா என்று நித்திலன் யோசித்தான். தன் இடத்துக்கு இன்னும் நயமாகப் பேசும் ஒருவன் வருவான் என்று தோன்றியது. தன்னைவிட நயமானவன் என்ற நினைப்பே சகிக்கவில்லை. அதனால் போகவில்லை. உன்னத நோக்கம் என்று அதைச் சொல்லிக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை.

அன்று முதலில் வந்தவர்கள் ஒரு தம்பதி. கணவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். மனைவி நுனியில் உட்கார்ந்தாள். மகளின் அறிக்கையில் ஆறாம் மாதம் சரிந்திருந்தது. நித்திலன் அடுக்கையும் வளையத்தையும் சொன்னான். கடல்குதிரையையும் சொன்னான். இந்தக் கோடு பாதிக் கதைதான், மீதி இனிமேல் பிள்ளைக்குக் கொடுக்கும் சாப்பாட்டிலும் அதோடு உட்கார்ந்து செலவழிக்கும் நேரத்திலும் இருக்கிறது என்று, எழுதிக் கொடுக்காத ஒன்றையும் சொன்னான்.

பிறகு அந்தக் கேள்விக்கான இடம் வந்தது. வழக்கம்போலக் கணவன் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் பதில் சொல்லத் தயாராக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நித்திலன் அவளைப் பார்க்கவில்லை.

"அந்த மாசம் நீங்க என்ன சாப்பிட்டீங்க சார்?"

"நானுங்களா?" என்றான் கணவன்.

"நீங்கதாங்க."

அவன் விழித்தான். கூரையைப் பார்த்தான். லேசாகச் சிரிக்கப் பார்த்தான். "அதெல்லாம் யாருக்குங்க ஞாபகம் இருக்குது?"

"எனக்கு ஞாபகம் இருக்குதுங்க, இவரு சாப்பிட்டதும் நான் சாப்பிட்டதும்," என்றாள் மனைவி மெதுவாக.

நித்திலன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.